டன்னுக்கு 40 கிலோ: பிராய்லர் தீவனத்தில் சத்துச் சேர்மங்களின் கணக்கு

ஒரு நாள் வயதுக் குஞ்சு முதல் 24 மணி நேரத்தில் தின்பது 12 முதல் 14 கிராம் தீவனம். உள்ளங்கைக் குழியில் அடங்கிவிடும் அளவு. அதற்கு அன்றைக்கு வேண்டிய 13 வைட்டமின்கள், துத்தநாகம், மாங்கனீசு, அயோடின், செலினியம், அமினோ அமிலங்கள், உப்பு எல்லாமே அந்தக் குழிக்குள் இருந்தாக வேண்டும். அதே வேளையில், ஒரு டன் தீவனத்துக்குத் தேவையான செலினியத்தைத் தரும் சோடியம் செலினைட்டின் எடை 0.66 கிராம். வைட்டமின் பி12 சுமார் 20 மில்லிகிராம். அரிசி மணி ஒன்றின் எடை அவ்வளவுதான் இருக்கும். இந்த அரிசி மணியை 1,000 கிலோவுக்குள் பிரித்து, ஒவ்வொரு 13 கிராமுக்குள்ளும் அதன் பங்கு போய்ச் சேரும்படி செய்வதுதான் தீவனக் கலவைத் தொழிலின் உண்மையான கடினம்.

பண்ணையாளர்களிடம் பேச்சு வந்தால் பெரும்பாலும் "எந்த டானிக் நல்லது?" என்றுதான் வருகிறது. கல்லீரல் டானிக், கால்சியம் டானிக், பி-காம்ப்ளக்ஸ், வளர்ச்சி ஊக்கி என்று ஷெட் வாசலில் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. சத்துச் சேர்மம் என்பது தானியத்தில் இல்லாததை ஈடுகட்டும் பொருள். என்ன இல்லை, எவ்வளவு இல்லை என்று கணக்குப் போடாமல் எதை வாங்கிப் போட்டாலும் பணம்தான் கரையும். அந்தக் கணக்கையே இங்கே போட்டுப் பார்க்கலாம்.

குஞ்சுப் பருவத்தில் முதலில் கொடுக்கும் ஸ்டார்ட்டர் தீவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1,000 கிலோவில் மக்காச்சோளம் 575, சோயா புண்ணாக்கு 355 (46 சதவீதப் புரதம் உள்ளது), எண்ணெய் 30. கூட்டினால் 960. மீதி இருப்பது 40 கிலோ. பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் ஓடும் எந்தத் தீவன மில்லிலும் இந்த விகிதம் கொஞ்சம் முன்பின் இருக்குமே தவிர பெரிதாக மாறாது. புரதம் 22 சதவீதத்தை ஒட்டியும், எரிசக்தி கிலோவுக்கு 3,000 கிலோ கலோரிக்குச் சற்று மேலும் வரும். இனி பேசப் போவது அந்த 40 கிலோவைப் பற்றித்தான்.

முதலில் அமினோ அமிலம். புரத சதவீதத்தைப் பார்த்துத் தீவனம் வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கோழிக்கு வேண்டியது புரதம் என்ற பெயர் அல்ல, அதற்குள் இருக்கும் தனித்தனி அமினோ அமிலங்கள். மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்த தீவனத்தில் முதலில் பற்றாக்குறையாவது மெத்தியோனைன், அடுத்தது லைசின், மூன்றாவது த்ரியோனைன்.

லைசினைப் பாருங்கள். மக்காச்சோளத்தில் சுமார் 0.25 சதவீதம். 575 கிலோவுக்கு 1.44 கிலோ. சோயா புண்ணாக்கில் சுமார் 2.8 சதவீதம். 355 கிலோவுக்கு 9.94 கிலோ. மொத்தம் 11.4 கிலோ, அதாவது 1.14 சதவீதம். தேவை 1.30 என்று வைத்தால் டன்னுக்கு 1.6 கிலோ குறைகிறது. கடையில் கிடைக்கும் எல்-லைசின் ஹைட்ரோகுளோரைடில் சுத்த லைசின் 78 சதவீதம்தான். ஆகவே 1.6ஐ 0.78ஆல் வகுத்தால் 2.1 கிலோ போட வேண்டும். மூட்டையில் 98.5 சதவீதம் என்று அச்சிட்டிருப்பது உப்பு வடிவத்தின் சுத்தம். அதை லைசின் அளவு என்று எடுத்துக்கொண்டு 1.6 கிலோ மட்டும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மெத்தியோனைனை சிஸ்டீனோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இறகு வளர்வதற்கு வேண்டிய சிஸ்டீன் போதாவிட்டால் கோழி மெத்தியோனைனை எடுத்து அதை உண்டாக்கிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து மக்காச்சோளத்தில் 0.36, சோயாவில் 1.28 சதவீதம். மேலே சொன்ன அளவுக்கு 6.6 கிலோ வருகிறது. தேவை 9.5 கிலோ. குறைவது 2.9 கிலோ. டி.எல்-மெத்தியோனைன் 99 சதவீதச் சுத்தம் என்பதால் கிட்டத்தட்ட அதே அளவு போட்டால் போதும். திரவ வடிவில் வரும் 88 சதவீத மெத்தியோனைன் மாற்று வேறு கணக்கு. கிலோவுக்குக் கிலோ அதை இதற்கு ஈடாக வைக்கக் கூடாது. த்ரியோனைன் இதே கணக்கில் 0.7 கிலோ.

இந்த மூன்றும் சேர்ந்து 5.7 கிலோ. இவை இல்லாமல் அதே அளவு மெத்தியோனைனைத் தர வேண்டுமானால் சோயாவை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அப்படி ஏற்றினால் வேண்டாத மற்ற அமினோ அமிலங்களும் கூடவே ஏறும். கோழி அவற்றை உடைத்து யூரிக் அமிலமாக வெளியேற்றும். சிறுநீரகத்துக்குச் சுமை, ஷெட் தரையில் பரப்பிய கூளத்தில் ஈரம், ஷெட்டுக்குள் கண் எரியும் அம்மோனியா. 2021இல் சோயா புண்ணாக்கு விலை தாறுமாறாக ஏறி, ஆகஸ்டில் 12 லட்சம் டன் மரபணு மாற்ற சோயா புண்ணாக்கை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதி தந்தது நினைவிருக்கும். அந்தச் சமயத்தில் புரதத்தை ஒன்றரை சதவீதம் இறக்கி, அமினோ அமிலத்தைக் கணக்காக ஏற்றியவர்கள் எடை குறையாமல் தப்பிக்க முடிந்தது. புரதத்தை மட்டும் இறக்கிவிட்டு அமினோ அமிலத்தைத் தொடாதவர்களின் கோழிக்கு இறகு சரியாக மூடவில்லை, நெஞ்சுக்கறி குறைந்தது.

இந்தக் கணக்கெல்லாம் சோயா ஒழுங்காக வெந்திருந்தால்தான் நிற்கும். சரியாக வேகாத சோயாவில் ட்ரிப்சின் தடுப்பான் அப்படியே இருக்கும். கணையம் வீங்கும், எச்சத்தில் செரிக்காத தீவனம் தெரியும். அதிகம் வெந்துவிட்டால் லைசின் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு கோழிக்குக் கிடைக்காமல் போகும். ஆய்வகத்தில் அளந்தால் லைசின் இருப்பதாகவே காட்டும். லாரி வந்ததும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. யூரியாவும் ஃபீனால் ரெட் சாயமும் கலந்த கரைசலில் சோயாத் தூளைத் தட்டில் பரப்பி நனைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் நல்லது. தட்டே சிவந்துவிட்டால் வேகவில்லை. அரை மணி நேரம் வைத்தும் ஒரு புள்ளி கூட வராமல், தூளும் பழுப்பேறி இருந்தால் கருகும் அளவுக்கு வெந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரையும் புரத அளவைப் பார்க்கச் சொல்லி ஆய்வகத்துக்கு அனுப்பலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது.

அடுத்தது எலும்பு. 42 கிராம் குஞ்சு ஏழாம் நாள் நான்கு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. 35 முதல் 38 நாளில் 2 கிலோவைத் தொடுகிறது. இந்த வேகத்துக்கு எலும்பு ஈடுகொடுக்க வேண்டும். மக்காச்சோளத்திலும் சோயாவிலும் உள்ள பாஸ்பரஸில் மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற கட்டுக்குள் இருக்கிறது. அதை அவிழ்க்கும் நொதி கோழியின் குடலில் போதுமான அளவு இல்லை. அதனால்தான் டி.சி.பி. (டைகால்சியம் பாஸ்பேட்) போடுகிறோம், அதனால்தான் ஃபைட்டேஸ் நொதியும் வந்தது. கிராமுக்கு 5,000 யூனிட் உள்ள ஃபைட்டேஸை டன்னுக்கு 100 கிராம் போட்டால் கிலோவுக்கு 500 யூனிட் வரும். அது 0.10 முதல் 0.15 சதவீதம் வரை பாஸ்பரஸை விடுவிக்கும். 18 சதவீதப் பாஸ்பரஸ் உள்ள டி.சி.பி. கணக்கில் சுமார் 6 கிலோ மிச்சம். நம் 40 கிலோவில் டி.சி.பி. 12, சுண்ணாம்புக்கல் தூள் 13 என்று வைத்திருப்பது ஃபைட்டேஸை நம்பித்தான். அது இல்லாவிட்டால் டி.சி.பி. 18 கிலோ வேண்டும்.

நம்புகிற இடத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. பெல்லட் போடும்போது, அதாவது தீவனத்தை அழுத்திக் குறுமணிகளாக்கும்போது, நீராவிக் கண்டிஷனரில் 80 முதல் 85 டிகிரி வரை சூடேறும். சூடு தாங்கும் பூச்சு இல்லாத ஃபைட்டேஸ் அதில் செத்துவிடும். டி.சி.பி.யையும் குறைத்தாயிற்று, நொதியும் செத்தாயிற்று என்றால் இரண்டாம் வாரத்தில் கோழிகள் உட்கார ஆரம்பிக்கும். அலகை விரலால் வளைத்தால் ரப்பர் போல வளையும். செத்த குஞ்சின் கால் எலும்பை எடுத்து ஒடித்துப் பாருங்கள். நல்ல எலும்பு "படக்" என்று சத்தத்தோடு ஒடியும், சத்துக் குறைந்த எலும்பு பச்சைக் குச்சி போல வளைந்துகொடுக்கும். அந்த நேரத்தில் தண்ணீரில் கால்சியம் டானிக் ஊற்றுவதுதான் வழக்கம். குறைந்திருப்பது பாஸ்பரஸ் என்றால் கால்சியத்தைக் கூட்டுவது நோயை இன்னும் மோசமாக்கும். கால்சியம் அதிகமானால் அது ஃபைட்டேட்டோடு பிணைந்து இருக்கிற பாஸ்பரஸையும் கிடைக்கவிடாமல் செய்யும். வைட்டமின் டி3 போதாவிட்டாலும் எலும்பு இதே போல வளையும். ஆகவே முதலில் தீவனத்தில் கால்சியம், பாஸ்பரஸ் இரண்டையும் அளந்து பாருங்கள். கூடவே பிரீமிக்ஸ், அதாவது முன்பே கலந்து வரும் வைட்டமின், கனிமக் கலவை, எத்தனை மாதப் பழசு என்றும் பாருங்கள்.

உப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மலிவான பொருள் என்பதால் கவனம் போவதில்லை. ஆனால் கூளம் நனைந்து கட்டி தட்டுவதற்கு இரத்தக் கழிச்சலுக்கு அடுத்தபடியாக நான் சந்தேகப்படுவது உப்பைத்தான். கோழிக்குச் சோடியம் 0.18 முதல் 0.20 சதவீதம் போதும். உப்பில் 39 சதவீதம் சோடியம், 60 சதவீதம் குளோரைடு. சோடியம் முழுவதையும் உப்பிலிருந்தே எடுத்தால் குளோரைடு எகிறிவிடும். லைசின் ஹைட்ரோகுளோரைடோடும் கோலின் குளோரைடோடும் வேறு குளோரைடு வந்து சேர்கிறது. அதனால் உப்பு 3 கிலோ, சோடா உப்பு 2 கிலோ என்று பிரித்துப் போடுவது நல்லது. சோடா உப்பில் 27 சதவீதம் சோடியம், குளோரைடு கிடையாது.

இந்தக் கணக்கில் விட்டுப்போவது தண்ணீர். கோழி ஒரு கிலோ தீவனத்துக்கு ஏறத்தாழ 2 லிட்டர் தண்ணீர் குடிக்கிறது. ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் சோடியம் இருந்தால், 2 லிட்டரில் 1 கிராம். தீவனத்தில் 0.1 சதவீதம் சோடியம் கூடியதற்குச் சமம், அதாவது தேவையில் பாதி. உப்புத் தண்ணீர் ஓடும் ஊர்களில் தீவனத்தில் எத்தனை சரியாக அளந்து போட்டாலும் கூளம் நனைவதன் காரணம் இதுதான். ஆண்டுக்கு இரு முறையாவது, கோடை உச்சத்திலும் மழை முடிந்தும், தண்ணீரைச் சோதித்து அந்த எண்ணைத் தீவனக் கணக்கில் சேருங்கள். கருவாட்டுத் தூள் சேர்க்கிறவர்கள் அதன் உப்பையும் மூட்டைக்கு மூட்டை பார்க்க வேண்டும். ஒரு சரக்கைப் போல இன்னொரு சரக்கு இருக்காது.

வைட்டமின் என்ற அறிவே கோழியிடமிருந்து வந்தது என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1890களில் பட்டேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் மடங்கி விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசி தின்றதும் எழுந்து நடப்பதையும் கிறிஸ்டியான் எய்க்மான் கவனித்தார். கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம், கொழுப்பு நீக்கிய தீவனம் தின்ற குஞ்சுகளுக்குத் தோலுக்கடியில் இரத்தம் கசிவதைப் பார்த்து வைட்டமின் கே இருப்பதைக் கண்டுபிடித்தார். ஒருவருக்கு 1929இலும் மற்றவருக்கு 1943இலும் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு சத்து குறைந்தால் குஞ்சு அதைத் தன் உடம்பில் எழுதிக் காட்டுகிறது. படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாம் வாரத்தில் சில குஞ்சுகள் கணுக்காலில் உட்கார்ந்து, கால் விரல்களை உள்பக்கமாக முஷ்டி போல மடக்கி வைத்துக்கொண்டு, தீவனத் தட்டுக்குத் தவழ்ந்து போனால் அது பி2, ரைபோஃபிளேவின் குறைபாடு. கண் தெளிவாக இருக்கும், பசியும் இருக்கும், நடக்கத்தான் முடியாது. விரல் மடங்க ஆரம்பித்த ஓரிரு நாளில் பி2ஐத் தண்ணீரில் கொடுத்தால் பெரும்பாலானவை எழுந்துவிடும். நாள் கடந்தால் நரம்பு கெட்டுப்போகும், அதற்குப் பிறகு எவ்வளவு கொடுத்தாலும் விரல் நிமிராது. தலை வானத்தைப் பார்த்துப் பின்னுக்கு வளைந்தால் பி1. மூன்றாம் வாரத்தில் தலை நடுங்கி, தள்ளாடி, காலை உதைத்துக்கொண்டு விழுந்தால் வைட்டமின் இ. பெரும்பாலும் பிரீமிக்ஸில் இ இல்லாததால் இது வருவதில்லை. ஊசிப்போன எண்ணெய் வைட்டமின் இயை அழித்துவிடுவதால்தான் வருகிறது. கணுக்கால் மூட்டு வீங்கி, தசைநார் பள்ளத்திலிருந்து நழுவிக் கால் பக்கவாட்டில் திரும்பினால் மாங்கனீசும் கோலினும். பாதத்தின் அடித்தோல் வெடித்தால் பயோட்டினையும் நினையுங்கள், கூளத்தின் ஈரத்தையும் தொட்டுப் பாருங்கள்.

பிரீமிக்ஸ் வாங்கிய பிறகு அதை வைக்கும் இடம்தான் பாதி விஷயம். வைட்டமின் ஏ, கே, பி1 ஆகியவை சூட்டுக்கும் ஈரத்துக்கும் உலோகத்துக்கும் பயப்படும். கோலின் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தாமிர சல்பேட்டும் இரும்பு சல்பேட்டும் வைட்டமினை ஆக்சிஜனேற்றம் செய்யும். வைட்டமின், கனிமம், கோலின் மூன்றையும் ஒரே பையில் கலந்து தகரக் கொட்டகையில் ஏப்ரல், மே மாதம் வைத்தால் பையின் மேல் அச்சிட்ட அளவுக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தம் இருக்காது. மூன்றையும் தனித்தனியாக வாங்குங்கள். வைட்டமின் டன்னுக்கு 500 கிராம், கனிமம் 1 கிலோ, 60 சதவீதக் கோலின் 1 கிலோ என்பது வழக்கமான அளவு. இருட்டான, குளிர்ந்த அறையில் மரப்பலகை மேல் வையுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் இருப்பு வேண்டாம். பிரித்த பையை அன்றே தீர்ப்பது நல்லது, மீந்தால் காற்றை வெளியேற்றி இறுக்கிக் கட்டுங்கள். மயில்துத்தத்தை (தாமிர சல்பேட்) டன்னுக்கு 500 கிராம் வரை வளர்ச்சிக்காகப் போடும் பழக்கம் இருக்கிறது. அதில் கால் பங்கு தாமிரம், ஆக 125 பி.பி.எம். (கிலோவுக்கு 125 மில்லிகிராம்) வருகிறது. போடுகிறவர்கள் அதைக் கட்டாயம் வைட்டமினோடு சேர்த்துப் பிசையக் கூடாது. தண்ணீரிலும் தீவனத்திலும் ஒரே நேரத்தில் கொடுப்பதும் கூடாது. இரைப்பை உள்தோல் புண்ணாகிவிடும்.

இனிக் கலக்கும் வேலை. எத்தனை நல்ல பொருள் வாங்கினாலும் இங்கே கோட்டைவிட்டால் எல்லாம் வீண்.

டன்னுக்கு ஒரு கிலோவும் அதற்குக் குறைவும் போகும் எந்தப் பொருளையும் நேரடியாக மிக்சரில் கொட்டக் கூடாது. 25 கிலோ மக்காச்சோள மாவை முதலில் எடுத்து வையுங்கள். ஃபைட்டேஸ் 100 கிராமை ஒரு கிலோ மாவோடு கலக்கவும். அதை இரண்டு கிலோவோடு, பிறகு நான்கு கிலோவோடு என்று இரட்டித்துக்கொண்டே போனால் சீராகப் பரவும். வைட்டமின், காக்சிடியோஸ்டேட் (இரத்தக் கழிச்சல் தடுப்பு மருந்து), த்ரியோனைன், கனிமம் என்று ஒவ்வொன்றையும் இதே வழியில் சேர்க்கலாம். கோலினை இதில் சேர்க்காமல் மிக்சரில் தனியாகப் போடவும். எடைபோடும் தராசு பெரிய மூட்டை நிறுக்கும் தராசாக இருக்கக் கூடாது. கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். அதையும் வாரம் ஒருமுறை தெரிந்த எடைக்கல் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

மிக்சருக்குள் பாதி மக்காச்சோளம், பிறகு சோயா, பிறகு டி.சி.பி., சுண்ணாம்பு, உப்பு, அமினோ அமிலம், அதன் மேல் கையால் கலந்து வைத்த 25 கிலோ, கடைசியில் மீதி மக்காச்சோளம். படுக்கை ரிப்பன் மிக்சரானால் எண்ணெய் இல்லாமல் 2 நிமிடம் ஓடட்டும். நிற்கிற திருகு மிக்சரானால் 10 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. அதன் பிறகுதான் எண்ணெய். அவசரத்தில் எண்ணெயை முதலில் ஊற்றினால் வைட்டமினும் லைசினும் எண்ணெயில் சிக்கிக் கடுகு கடுகாக உருண்டுவிடும். அந்த உருண்டையைத் தின்ற குஞ்சுக்கு ஒரு நாளில் பத்து நாள் சத்து, தின்னாத குஞ்சுக்கு ஒன்றுமில்லை. ஒரே ஷெட்டில் ஒரே வயதில் சின்னதும் பெரிதுமாகக் கோழி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மிக்சரை நிரப்புவதிலும் அளவு உண்டு. ரிப்பன் சுழலும்போது அதன் மேல் விளிம்பு தீவனத்துக்கு வெளியே சற்றுத் தெரிய வேண்டும். முழுதாக மூடும்படி கொட்டினால் மேலே இருக்கும் தீவனம் நகராமல் அப்படியே கிடக்கும். கலவை சரியா என்று பார்க்க, கொட்டும்போது தொடக்கத்திலிருந்து முடிவு வரை சம இடைவெளியில் 10 மாதிரி எடுத்து ஒவ்வொன்றிலும் குளோரைடு அளவைப் பாருங்கள். பத்துக்கும் இடையிலான மாறுபாட்டுக் கெழு (திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து வரும் சதவீதம்) 10 சதவீதத்துக்குள் இருந்தால் மிக்சர் வேலை செய்கிறது. 20ஐத் தாண்டினால் ரிப்பன் தேய்ந்திருக்கிறது, அல்லது நேரம் போதவில்லை.

காக்சிடியோஸ்டேட் சத்துப் பொருள் அல்ல என்றாலும் அதே 40 கிலோவுக்குள்தான் இருக்கிறது. இங்கே பிழை நடந்தால் கோழி செத்தே போகும். 12 சதவீத சாலினோமைசின் டன்னுக்கு 500 கிராம் போட்டால் 60 பி.பி.எம். அதுவே சரியான அளவு. இருவர் தனித்தனியாகப் போட்டு இரட்டிப்பானாலோ, ஒரே இடத்தில் கட்டியாகத் தங்கினாலோ கோழி காலைப் பின்னுக்கு நீட்டி மார்பில் படுத்துவிடும். மதுராமைசினில் அளவு 5 பி.பி.எம்.தான், பிழைக்கு அங்கே இடமே இல்லை. சளி நோய்க்கு டயாமுலின் கொடுக்கும்போது தீவனத்தில் சாலினோமைசினோ மோனென்சினோ இருக்கவே கூடாது. கல்லீரல் அந்த மருந்தை உடைப்பதை டயாமுலின் தடுத்து உடம்பிலேயே தேங்கவிடும், சரியான அளவே நஞ்சாகிவிடும். மருந்து எழுதும் மருத்துவரிடம் தீவனப் பையின் சீட்டைக் காட்டுங்கள். விற்பனைக்கு முந்தைய கடைசி 5 நாளுக்கு காக்சிடியோஸ்டேட் இல்லாத ஃபினிஷர் (கடைசிக் கட்டத்) தீவனமே கொடுக்க வேண்டும்.

தீவனத்தில் உள்ள பூஞ்சை நச்சைப் பிடித்துவைக்கப் போடும் நச்சு பிணைப்பான் பற்றியும் தெளிவு வேண்டும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோதுதான் நிலக்கடலைப் புண்ணாக்கில் இருந்த அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு தெரியவந்தது. பெண்டோனைட் வகைக் களிமண் அந்த அஃப்ளாடாக்சினை நன்றாகப் பிடிக்கும். டி-2 என்ற வேறொரு பூஞ்சை நச்சை அது பிடிப்பதில்லை. வாய் ஓரத்திலும் நாக்கிலும் மஞ்சள் செதில் போலப் புண் வந்தால் அது டி-2. அப்போது பெண்டோனைட்டை இரட்டிப்பாக்குவதால் பயன் கிடையாது, அந்த மக்காச்சோளத்தையே நிறுத்த வேண்டும். பெரம்பலூர் சரக்கானாலும் தாவணகெரே சரக்கானாலும் பீகாரிலிருந்து வருவதானாலும் லாரியை இறக்கும் முன் ஈரப்பதம் பாருங்கள். 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் காயவைக்காமல் அடுக்காதீர்கள். உடைசலும் தூசியும் சலித்து எடுத்தால் நச்சில் பெரும்பகுதி அதோடு போய்விடும். பிணைப்பானுக்குச் செலவழிப்பதற்கு முன் சல்லடைக்குச் செலவழிக்கலாம்.

புரோபயாடிக், அமிலமாக்கி, மூலிகைச் சாறு, எண்ணெய்ப் பால்மமாக்கி என்று நீளும் பட்டியலைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை 2006 ஜனவரியில் முற்றிலும் நிறுத்தியது. இந்தியாவில் 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் தடைசெய்யப்பட்டது. அந்த இடத்தை நிரப்ப வந்தவை இவற்றில் பல. நல்ல தண்ணீரும் காய்ந்த கூளமும் இருக்கிற ஷெட்டில் இவற்றின் பலன் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. நெருக்கடியான ஷெட்டில் கொஞ்சம் தெரியும். ஒரு ஷெட்டில் போட்டு, பக்கத்து ஷெட்டில் போடாமல், இரண்டு பேட்ச் எஃப்.சி.ஆர். (ஒரு கிலோ எடை கூடத் தின்ற தீவனத்தின் அளவு) ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் நிரந்தரமாக்காதீர்கள். கீழாநெல்லி சேர்ந்த கல்லீரல் டானிக்குகள் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதே பதில். அஃப்ளாடாக்சின் உள்ள தீவனத்தைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டு டானிக் ஊற்றுவது ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பதுதான்.

தண்ணீரில் சத்து கொடுப்பதற்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. கோழி தீவனத்தைக் குறைத்து, தண்ணீரைக் குறைக்காத நேரங்கள் உண்டு. தூரத்திலிருந்து வந்து இறங்கும் குஞ்சுக்கு முதல் நாள், தடுப்பூசிக்குப் பிந்தைய இரண்டு நாள், நோயிலிருந்து தேறும் வாரம், கோடை. குறிப்பாகக் கோடை. மார்ச் பிற்பகுதியிலிருந்து மே முடியும் வரை கொங்குப் பக்கம் பகலில் தீவனம் எடுப்பது பத்து சதவீதமாவது குறையும். அப்போது 13 கிராமில் இருந்ததை 11.7 கிராமுக்குள் கொண்டுவர வேண்டும், அதாவது அமினோ அமிலம், வைட்டமின், கனிமம் எல்லாவற்றின் செறிவையும் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் ஏற்ற வேண்டும். கூடவே பீட்டெயின் டன்னுக்கு 1 கிலோ, வைட்டமின் சி 200 கிராம். பெல்லட் சூட்டில் சாதாரண வைட்டமின் சி தாங்காது, அதனால் பெல்லட் கொடுப்பவர்கள் அதைத் தண்ணீரில் கொடுப்பதே சரி. காலை 10 முதல் மாலை 4 வரை தீவனத் தட்டை உயர்த்திவிட்டு, விடியற்காலையிலும் இரவிலும் தின்னவிடுங்கள். செரிமானச் சூடும் வெயில் சூடும் ஒரே நேரத்தில் சேரக் கூடாது. தண்ணீரில் கலக்கும் எதையும் கோழி 4 முதல் 6 மணி நேரத்தில் குடித்து முடிக்கும் அளவே கலக்கவும். முடிந்ததும் குழாயைக் கழுவிவிடுங்கள். வைட்டமின், சர்க்கரை, அமினோ அமிலம் எல்லாம் நிப்பிள் குழாய்க்குள் பாசிப்படலத்துக்குத் தீனி.

ஒப்பந்தப் பண்ணையாளர்களுக்குத் தீவனம் மூட்டையாக வந்து இறங்குகிறது, கலவையில் அவர்கள் கை இல்லை. அவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வந்த தீவனத்தின் மேல் எந்தத் தூளையும் தூவாதீர்கள். ஃபீடரில் தூவியது அடியில் போய்த் தங்கும். தட்டின் அடியில் வெள்ளையாக மாவு தேங்குவதைப் பார்த்திருப்பீர்கள், தூவிய கால்சியமும் உப்பும் அங்கேதான் கிடக்கிறது. கடைசியில் பசியோடு வரும் கோழி அதை மொத்தமாகத் தின்னும். உங்கள் கையில் இருப்பது மூட்டையைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, பலகை மேல் அடுக்குவதும், முதலில் வந்ததை முதலில் பிரிப்பதும், தயாரித்த தேதியைப் பார்ப்பதும்.

இன்னொன்றும் கையில் இருக்கிறது. ஒவ்வொரு லோடிலும் நான்கைந்து மூட்டையின் நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, ஒரு கிலோ தீவனத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, லோடு எண், தேதி, எந்த வயதில் கொடுத்தது என்று எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். கோழி ஏற்றிப் பணம் கைக்கு வரும் வரை அந்த டப்பா இருக்கட்டும். பதினைந்தாம் நாள் கால் மடங்கும்போது, ஆய்வகத்துக்கு அனுப்ப முதல் வாரத் தீவனம் வேறு எங்கும் மிஞ்சியிருக்காது.